ஒன்றா, ஒருவரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற போதனையைப் பற்றியவை. ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். அவருக்கே அதிக இடம் கொடுத்துவிட்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இறையியல் கல்லூரிப் பக்கம் போனவள் இல்லை. வார நாட்களில் கணக்கு டீச்சராக இருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளி டீச்சராக இருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன். வயது 31. ஆறு மாதமாக, ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவைப் பற்றி 'பிதாவோடே ஒரே தன்மையுடையவர்' என்ற இடம் வந்தால் எனக்கு வாய் மூடிக்கொள்கிறது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார், தன்னிடமேவா? கடைசி நாள் எப்போது என்று குமாரனுக்கே தெரியாது என்கிறது மாற்கு சுவிசேஷம். தெரியாத ஒருவர் எப்படி எல்லாம் அறிந்த தேவனாக இருக்க முடியும்? மூன்று எப்படி ஒன்றாகும்? போதகரிடம் கேட்டேன். 'இது இரகசியம், ஆராயக் கூடாது, விசுவாசிக்கத்தான் வேண்டும்' என்றார். இப்போது சபையில் எல்லாரோடும் எழுந்து நிற்கும்போதே நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ என்று இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்களைவிட ஏழு வயது கூடுதலாக இருந்தபோது எனக்கும் அதே வரியில்தான் வாய் மூடிக்கொண்டது. மூட வைத்தவன் ஒன்பது வயதுப் பையன்.

அன்றைக்குப் பாடம் திரித்துவம். எல்லா டீச்சர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கரும்பலகையில் மூன்று டம்ளர் வரைந்தேன். ஒன்றில் ஐஸ் கட்டி, ஒன்றில் தண்ணீர், மூன்றாவதிலிருந்து சுருள் சுருளாக மேலே போகும் ஆவி. "பார்க்க மூணும் வேற வேற மாதிரி இருக்கு, ஆனா எல்லாம் ஒரே தண்ணிதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியும் அப்படித்தான்" என்றேன். ஆவிக்கு ஆவியே அமைந்துவிட்டதில் உள்ளுக்குள் பெருமை வேறு. கடைசி வரிசையிலிருந்து அவன் எழுந்தான். "டீச்சர், ஐஸ் உருகினாத்தானே தண்ணி ஆகும்? அப்ப இயேசு பூமியில இருந்தப்ப மேல யாருமே இல்லையா?" மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, "அடுத்த வாரம் சொல்றேன், உட்காரு" என்றேன். அடுத்த வாரம் அவன் மறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் மறக்கவில்லை.

சபையில் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். பையனைக் கண்டித்து வைக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் புத்தகங்களைத் திறந்தேன். என் மூன்று டம்ளர்களையும் திருச்சபை 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேண்டாம் என்று தள்ளியிருந்தது! சபேலியஸ் என்பவரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட போதனை அது. ஒரே தேவன்தான் ஒரு சமயம் பிதாவாக, ஒரு சமயம் குமாரனாக, பிறகு ஆவியாக வேஷம் மாற்றி வருகிறார் என்பது அதன் சாரம். யோர்தான் ஆற்றில் இயேசு பெறும் ஞானஸ்நானக் காட்சி ஒன்றே இதைக் கவிழ்த்துவிடும். குமாரன் கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். பையன் யோர்தானைச் சொல்லவில்லை, ஆனால் ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டான்.

இயற்பியல் படித்த வாசகர் யாராவது உடனே பேனாவை எடுப்பார், தெரியும். 0.01 டிகிரி செல்சியஸில், அழுத்தமும் அதற்கேற்றபடி மிகக் குறைவாக இருந்தால், ஐஸும் தண்ணீரும் ஆவியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தே இருக்கும் என்று. இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் ஐஸாக இருக்கும் பங்கு வேறு, தண்ணீராக இருக்கும் பங்கு வேறு. ஒவ்வொன்றும் மொத்தத்தில் ஒரு துண்டு. குமாரன் தேவனில் மூன்றில் ஒரு பங்கு என்று எந்தப் பிரமாணமும் சொல்லவில்லையே. ஓடு, வெள்ளை, மஞ்சள் என்று முட்டையைக் காட்டுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

சரி, உங்கள் கெத்செமனே கேள்விக்கு வருவோம். 'தன்னிடமேவா ஜெபித்தார்?' என்ற கேள்வியும் இந்த டம்ளரிலிருந்து வந்ததுதான். பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று நினைத்தால்தான் அந்தச் சிக்கல் வரும். கோட்பாடோ, பிதா குமாரன் அல்ல, குமாரன் பிதா அல்ல என்று அடித்துச் சொல்கிறது. குமாரன் பிதாவிடம் ஜெபித்தார். இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவரை நீங்கள் சந்தேகப்பட்டது திரித்துவத்தையே அல்ல, அந்தப் பெயரில் என்னைப் போன்ற டீச்சர்கள் சொல்லிக்கொடுத்ததை.

இதில் எனக்குக் கண் திறந்தது நம் தமிழ் வேதாகமத்தில் ஒரே ஒரு சொல்லால். யோவான் 10:30ஐ எடுத்துப் பாருங்கள். 'நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்.' எத்தனை தடவை மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன்! ஒரு நாள் பிள்ளைகளுக்குத் திணை, பால் சொல்லிக்கொடுக்கும் பக்கத்து வகுப்பு டீச்சரின் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒருவன், ஒருத்தி, ஒருவர் உயர்திணை, ஒன்று அஃறிணை. எனக்குச் சட்டென்று உறைத்தது. இயேசு 'ஒருவராயிருக்கிறோம்' என்று சொல்லவில்லை, 'ஒன்றாயிருக்கிறோம்' என்கிறார். கிரேக்க மூலத்திலும் அப்படியேதான். அங்கே ஆண்பால் 'ஒருவர்' இல்லை, அஃறிணை 'ஒன்று'தான் இருக்கிறது. வினையும் 'இருக்கிறேன்' அல்ல, 'இருக்கிறோம்'. உபாகமம் 6:4 தேவனைப் பற்றிச் சொல்லும்போது 'ஒருவரே கர்த்தர்' என்கிறது. இங்கே ஒன்று, அங்கே ஒருவர். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். அப்புறம் பார்த்தால், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற லத்தீன் எழுத்தாளர், பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று போதித்த பிரக்சேயா என்பவருக்கு மறுப்பு எழுதும்போது இதே வசனத்தின் இதே சொல்லைப் பிடித்து, 'இருக்கிறோம்' என்ற பன்மையையும் சேர்த்து, இதே வாதத்தைச் செய்திருக்கிறார். லத்தீன் மொழியில் 'திரித்துவம்' என்ற சொல்லை தேவனுக்கு முதலில் பயன்படுத்தியவரும் அவர்தான்.

ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்து வழக்கு முடிந்தது என்று சொல்ல மாட்டேன். யோவான் 17இல் சீஷர்களும் 'ஒன்றாயிருக்கும்படி' இயேசு வேண்டிக்கொள்கிறார், அதே சொல்தான். சீஷர்கள் ஒரே தன்மையுள்ள தெய்வமாகிவிடவில்லை. ஆகவே 'ஒன்று' என்பது மன ஒற்றுமையாக மட்டுமே இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது 'வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது' என்று அதே யோவான் முதல் வரியிலேயே எழுதியிருப்பதுதான். ஒருவரிடத்தில் இருப்பதென்றால் அவர் வேறாக இருக்க வேண்டும். தேவனாகவே இருப்பதென்றால் வேறாக இருக்கக் கூடாது. யோவான் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, விளக்கம் எதுவும் தராமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பின்னால் வந்தவர்கள் இதில் எதையும் விட்டுவிடாமல் எப்படிச் சொல்வது என்றுதான் முந்நூறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கணக்குக்கு வருவோம், அது என் சொந்த ஊழியம். 'மூன்று எப்படி ஒன்றாகும்?' என்று கேட்டால், 1×1×1 = 1 என்று சிலர் ஜெயித்த முகத்தோடு சொல்வார்கள். தயவுசெய்து அதை யாரிடமும் சொல்லாதீர்கள். ஏன் பெருக்க வேண்டும், ஏன் கூட்டக் கூடாது என்று கேட்டால், பெருக்கினால்தான் நமக்கு வேண்டிய விடை வருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. விடையைப் பார்த்துவிட்டு வழிமுறை எழுதும் மாணவனுக்கு நான் மார்க் போட்டதில்லை. கோட்பாடு சொல்வது இது: 'யார்' என்று கேட்டால் மூவர், 'என்ன' என்று கேட்டால் ஒன்று. எதை எண்ணுகிறோம் என்பது இரண்டிலும் வேறு. அதனால் நேரடி முரண்பாடு இல்லை. இதுவரைக்கும் கணக்கு சரி.

இதற்கு மேல் போனால் எனக்கும் கால் தடுமாறும். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனிதத் தன்மை ஒன்றுதான், ஆனாலும் அவர்களை மூன்று மனிதர்கள் என்கிறோம். அப்படியானால் ஒரே தெய்வத் தன்மையுள்ள மூவரை மூன்று தேவர்கள் என்று ஏன் சொல்லக் கூடாது? இந்தக் கேள்வியை ஏதோ நாத்திகர் கேட்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரிகோரி என்ற ஆயரிடம் வந்த கேள்வி, அவரே அதை எடுத்து எழுதி ஒரு தனி நூலே செய்திருக்கிறார். மூன்று மனிதர்கள் மூன்று வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறார்கள், தேவனில் மூவரும் செய்வது ஒரே செயல், அது பிதாவிலிருந்து புறப்பட்டு, குமாரன் வழியாக வந்து, ஆவியானவரில் நிறைவேறுகிறது என்பது அவர் பதில். அழகான பதில். எனக்கு முக்கால்வாசி போதுமானதாக இருக்கிறது. மீதிக் கால்வாசி இன்னும் நிற்கிறது, அதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

குமாரனுக்குத் தெரியாது என்ற மாற்கு 13:32 அதைவிடக் கடினம். அது பழைய காலத்து வாசகர்களையும் சங்கடப்படுத்தியதற்குத் தடயமே இருக்கிறது. மத்தேயு 24:36 இதே வசனம்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்கில் 'குமாரனும் அறியார்' என்று இருக்கிறது, மத்தேயுவில் அந்தச் சொற்கள் இல்லை. மத்தேயுவின் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. படியெடுத்தவர் யாரோ பேனாவை அங்கே தூக்கிவிட்டார் என்பது பல அறிஞர்களின் ஊகம். 4ஆம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியஸ் இந்த வசனத்துக்குச் சொன்ன பதில், மனிதனாக அவருக்குத் தெரியாது, தேவனாகத் தெரியும் என்பது. பிறகு 451இல் கால்செதோனில் கூடிய ஆயர்களின் பேரவை, கிறிஸ்து ஒரே ஆள், தெய்வத் தன்மை, மனிதத் தன்மை என்று இரண்டு உடையவர் என்று அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது. சட்டத்துக்குள் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ஒரே ஆளுக்கு ஒரு விஷயம் தெரியும், தெரியவும் தெரியாது என்றால் உள்ளே அது எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எனக்கு இதில் ஒரே ஒரு ஆறுதல்: தெரியாது என்று அவர் சொன்னதை மாற்கு அழிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தலைவரைப் பெரிதாக்கிக் கதை கட்டுபவன் முதலில் அழிக்கும் வரி அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு தூரம் வந்தபின் நான் மூச்சுவிட்ட இடம் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின். திரித்துவத்தைப் பற்றி ஏறக்குறைய இருபது வருஷம் எழுதியவர், மொத்தம் 15 நூல். அதில் 5ஆம் நூலில், 'மூன்று என்கிறீர்களே, மூன்று என்ன?' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். பதிலாக அவர் சொல்வது: இந்த இடத்தில் மனிதப் பேச்சு வறுமையில் தவிக்கிறது, மூன்று ஆட்கள் என்கிறோம், அதுதான் விஷயம் என்பதற்காகச் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறோம். நம் தமிழில் 'ஆள்தத்துவம்' என்று ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறோம். அதைக் கேட்டதும் புரிந்த மாதிரி தலையாட்டுகிறோம். அகஸ்டினே ஒட்டுப்போட்ட இடம் அது, தம்பி. அங்கே உங்களுக்குத் தையல் தெரிகிறது என்றால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பொய் சொல்கிறேனோ என்று கேட்டீர்கள். 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி எழுதிய பிரமாணம் கிரேக்கத்தில் 'விசுவாசிக்கிறோம்' என்று பன்மையில்தான் தொடங்கியது. பிற்காலத்தில் ஆராதனைகளில்தான் பல இடங்களில் அது 'விசுவாசிக்கிறேன்' ஆனது. கூட்டமாகச் சொல்லும் வாக்குமூலம் அது. நான் அந்த ஒரு வரியில் ஏறத்தாழ இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை, மற்ற வரிகளையெல்லாம் சொன்னேன். சபையில் யாரும் கவனிக்கவில்லை. பிரமாணம் சொல்லும்போது வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆர்கன் வாசிப்பவர் மட்டும் ஒரு நாள் வெளியே வந்து, "தொண்டை சரியில்லையா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த 'ஆமாம்' ஒன்றுதான் அந்த இரண்டு வருஷத்தில் நான் சொன்ன பொய்.

கேள்வி: கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார் என்று என் அலுவலக நண்பர் சொல்கிறார். அதற்கு முன் கிறிஸ்தவர்கள் அவரை நல்ல போதகராக மட்டும்தான் பார்த்தார்களாமே?

பதில்: உங்கள் நண்பருக்கு ஒரு ரோம அதிகாரியை அறிமுகப்படுத்துங்கள். பெயர் பிளினி. பித்தினியா பகுதியின் ஆளுநர், கிறிஸ்தவர் அல்ல, கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். ஏறக்குறைய 112இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி அவருக்கு மாறி மாறிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை எழுதுகிறார். நிசேயாவுக்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னால்! எந்தப் பேரரசர் வாக்கெடுப்பு நடத்தி அவர்களைப் பாட வைத்தார்?

நிசேயாவில் நடந்தது வேறு. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியஸ் (நம் சரித்திரப் பாடத்து ஆரியருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) குமாரன் மேலானவர்தான், உலகத்துக்கு முன்னே இருந்தவர்தான், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். அவரும் இயேசுவை வெறும் போதகர் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் ஏற்கெனவே வணங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிய சண்டை அது. கூடிய ஆயர்கள் ஏறக்குறைய 300 பேர், கடைசியில் 'பிதாவோடே ஒரே தன்மையுடையவர்' என்று எழுதிய பிரமாணத்தில் கையெழுத்துப் போட மறுத்து ஆரியஸோடு நாடு கடத்தப்பட்டவர்கள் இரண்டு பேர். நெருக்கமான வாக்கெடுப்பு என்று சொல்ல வழியில்லை.

அதோடு, பேரரசர்தான் முடித்து வைத்தார் என்றால் 325இலேயே முடிந்திருக்க வேண்டாமா? அடுத்த ஐம்பது வருஷமும் அடிதடிதான். நிசேயாவைத் தூக்கிப் பிடித்த அத்தனாசியஸ் ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார், மொத்தம் 17 வருஷம். கான்ஸ்டன்டைனே 337இல் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியஸின் நண்பரான ஓர் ஆயரின் கையால். பேரரசரின் மகன் கான்ஸ்டான்டியஸ் வெளிப்படையாகவே எதிர்த்தரப்பு. அந்தக் காலத்துக் கான்ஸ்டான்டினோப்பிளில் காசு மாற்றப் போனால் பிறந்தவர், பிறவாதவர் என்று உபதேசம் செய்கிறார்கள், ரொட்டி என்ன விலை என்று கேட்டால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்று பதில் வருகிறது என்று மேலே சொன்ன நிசாவின் கிரிகோரி அலுத்துக்கொள்கிறார்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் கால் பங்கு உண்மை உண்டு, அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள். பேரரசர்கள் இதில் கை வைத்தார்கள். 380இல் தெயோதோசியு நிசேயாவின் விசுவாசத்தைச் சட்டமாக்கி, மற்றவர்களைக் கள்ளப்போதகர்கள் என்று முத்திரை குத்தினார். அதைக் கூச்சமில்லாமல் நியாயப்படுத்துகிற கிறிஸ்தவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி: 1 யோவான் 5:7இல் 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி' என்று என் பழைய வேதாகமத்தில் இருக்கிறது. புதிய திருவிவிலியத்தில் அந்த வரியையே காணோம். யார் எடுத்தார்கள்?

பதில்: யாரும் எடுக்கவில்லை அம்மா, அதற்கு முன்னால் சேர்த்திருக்கிறார்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை. லத்தீன் பிரதிகளின் வழியாக உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1516இலும் 1519இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. ஐயோ, திரித்துவ வசனத்தை வெட்டிவிட்டான் என்று கூச்சல் கிளம்பியது. பிறகு அந்த வரியோடு ஒரு கிரேக்கப் பிரதி வந்து சேர்ந்தது, மை காயாத புதுப் பிரதி என்றே சொல்லலாம், 16ஆம் நூற்றாண்டுக் கைவேலை. எராஸ்மஸ் அதன்மேல் சந்தேகத்தோடேயே 1522 பதிப்பில் வரியைச் சேர்த்தார். அங்கிருந்து மற்ற மொழிகளுக்கும், நம் பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்தது. அந்தப் பிரதி இப்போது டப்ளினில் இருக்கிறது, கல்லூரியின் பெயர் டிரினிட்டி, அதாவது திரித்துவம்!

ஐசக் நியூட்டன் இந்த வரியை விட்டுவைக்கவில்லை. 1690இல் தத்துவஞானி ஜான் லாக்குக்கு இது பிற்சேர்க்கை என்று நீளமாக எழுதி அனுப்பினார். அச்சில் வந்தது 1754இல், அவர் இறந்து 27 வருஷம் கழித்து. திரித்துவத்தையே மனதுக்குள் மறுத்தவர் அவர், கேம்பிரிட்ஜில் இருந்ததோ இன்னொரு டிரினிட்டி கல்லூரியில். கோட்பாட்டில் நியூட்டன் சொன்னதை நான் ஏற்கவில்லை. இந்த ஒரு வரியில் அவர் சொன்னது சரி. 4ஆம் நூற்றாண்டில் திரித்துவத்துக்காக உயிரைக் கொடுத்து வாதாடிய கிரேக்கப் பிதாக்கள் ஒருவர்கூட இதை எடுத்துக் காட்டவில்லை. இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? அவர்கள் இது இல்லாமலேதான் வாதாடினார்கள், நீங்களும் தைரியமாக இதை விட்டுவிடலாம்.

கேள்வி: பதினேழு வயது மகன் இனிமேல் ஆலயத்துக்கு வர மாட்டேன் என்கிறான். திரித்துவத்தை மறுத்தார் என்பதற்காக ஒருவரை உயிரோடு எரித்தவர்களின் விசுவாசம் எனக்கு வேண்டாம் என்கிறான். என்ன சொல்லித் திருத்துவது?

பதில்: அவன் மிக்கேல் செர்வெட்டஸைப் பற்றிப் படித்திருக்கிறான். 1531இல், இருபது வயதிலேயே, திரித்துவத்தில் உள்ள பிழைகள் என்று புத்தகம் எழுதிய ஸ்பானியர். பிறகு மருத்துவரானார். கத்தோலிக்கரும் தேடினார்கள், சீர்திருத்தக்காரர்களும் தேடினார்கள். 1553 அக்டோபர் 27இல் ஜெனிவாவில், சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஊரில், எரித்தார்கள்.

கடைசியாக அவர் கத்தியது: 'இயேசுவே, நித்திய தேவனுடைய குமாரனே, என்மேல் இரக்கமாயிரும்.' பக்கத்தில் நின்ற போதகர் அவரிடம் எதிர்பார்த்தது 'தேவனுடைய நித்திய குமாரனே' என்பதை. ஒரு சொல்லை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். 'நித்திய' என்பது தேவனுக்கு முன்னால் நிற்கிறதா, குமாரனுக்கு முன்னால் நிற்கிறதா என்பதுதான் வித்தியாசம். நெருப்பு காலைப் பிடித்த பிறகும் அவர் அந்தச் சொல்லை நகர்த்தவில்லை. அவர் கோட்பாடு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இந்த இடத்தைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மகனிடம் என்ன சொல்வது? 'நீ கோபப்படுவது சரி' என்று சொல்லுங்கள். 'அந்தக் காலம் அப்படி' என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் காலத்திலேயே அது அக்கிரமம் என்று கண்டித்து எழுதியவர் இருந்தார், செபஸ்தியான் காஸ்தெலியோ. ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பது ஆகாது, ஒரு மனிதனைக் கொல்வதுதான் என்று எழுதினார். 1903இல் கால்வின் வழி வந்தவர்களே அந்த இடத்துக்கு அருகில் பிராயச்சித்தமாகக் கல் நட்டார்கள், 350 வருஷம் கழித்து. இதையும் அவனிடம் சொல்லுங்கள், ஆனால் 'பார்த்தாயா, மன்னிப்புக் கேட்டாயிற்று' என்ற தொனியில் வேண்டாம். திருத்துவது பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாம். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஜெபிக்கும்போது பிதாவிடம் ஜெபிப்பதா, இயேசுவிடமா, ஆவியானவரிடமா? மாறிப் போனால் தவறா?

பதில்: பழைய வழக்கம் பிதாவிடம், குமாரன் வழியாக, ஆவியானவரில். ஆனால் முதல் இரத்தசாட்சி ஸ்தேவான் கல்லெறியப்படும்போது 'கர்த்தராகிய இயேசுவே' என்றுதான் கூப்பிட்டார், யாரும் திருத்தவில்லை. ரோமர் 8:26இல் பவுல், என்ன வேண்டிக்கொள்வது என்றே நமக்குத் தெரியாது, ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுகிறார் என்கிறார். நானே ஒரு தடவை சபைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "பிதாவே, எங்களுக்காக நீர் சிலுவையில் மரித்தீரே" என்று உருக்கமாக ஜெபித்துவிட்டேன். பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டான் என்று தெர்த்துல்லியன் பிரக்சேயாவைத் திட்டியது இதே குற்றத்துக்குத்தான். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அந்தப் பையன் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.